பசித்த வாய்க்குச் சூப்பான்

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சட்டை, சோப்போடு, குழந்தை சும்மா சப்பும் ரப்பர் காம்பான சூப்பான் ஒன்றையும் வாங்கி வருகிறார்கள். கையில்தான் இருக்கிறதே என்று முதல் வாரத்திலேயே அதை வாயில் வைத்துவிடுகிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். குழந்தை மார்பில் சப்பும்போது, பாலை ஊறவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் தாய்க்குச் சுரக்கிறது. மார்பு காலியானால்தான் அடுத்த பால் வேகமாக வரும். பச்சைக் குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். சூப்பானோடு இரண்டு தடவை தூங்கிப்போனால் அன்றைக்கு இரண்டு வேளைப் பால் போயிற்று. இப்படியே சில நாள் போனால் சுரப்பும் குறையும். அப்புறம் "உனக்குப் பால் பத்தலம்மா" என்று யாராவது சொல்வார்கள், பால்பவுடர் டப்பா வீட்டுக்குள் வந்துவிடும். நன்றாகச் சுரந்திருக்க வேண்டிய தாய் தன் உடம்பைக் குறை சொல்லி அழுவதைப் பார்க்க மனசு தாங்குவதில்லை.

அழுதால்தான் பசி என்று காத்திருப்பதும் தவறு. அழுகை கடைசியாக வருவது. அதற்கு முன்பே குழந்தை தலையைத் திருப்பி வாயால் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அப்போதே மார்பில் போடுங்கள்.

காம்பு வலிக்கிறது என்று சூப்பானைக் கொடுக்காதீர்கள். காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் இருக்கிறதா என்று நர்ஸிடம் காட்டிப் பாருங்கள்.

அப்படியானால் சூப்பானே கூடாதா? 1989-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பால் ஊட்டுவதற்காக வெளியிட்ட பத்துப் படிகளில் ஒன்பதாவது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம் என்றது. 2018-இல் அந்தப் படி, அதன் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்க்கு எடுத்துச் சொல்லச் சொல்லும்படி மாறியது. நன்றாகக் குடித்து எடை ஏறும் குழந்தைக்கு ஒரு மாதம் போல ஆனபின், தூங்கும் நேரத்தில் கொடுக்கலாம். தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்தின் ஆபத்து அதனால் குறைகிறது என்பதால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அதைப் பரிந்துரைக்கவே செய்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு, சப்பிப் பழகட்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பதுண்டு.

தேனில் தொட்டு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 1 வயதுக்குள் தேனால் பொட்டுலிசம் என்ற கடும் நோய் வரலாம். கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுவதும் வேண்டாம், இறுக்கிவிடும்.

ஒரு வாரக் குழந்தை நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் சூப்பானை எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.