யூடியூப் காணொளியிலிருந்து பாடம் கற்பது எப்படி?

2005-இல் தொடங்கிய யூடியூப் இன்று எண்ணற்ற மாணவர்களுக்கு இன்னொரு வகுப்பறையாக இருக்கிறது. ஆனால் பார்த்ததையெல்லாம் கற்றுவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் அங்கே நேரும் பெரிய ஏமாற்றம்.

முதலில், அடுத்த காணொளியைத் தானாகவே ஓடவிடும் ஆட்டோபிளே வசதியை அணைத்துவிடுங்கள். பிறகு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இருபடிச் சமன்பாடு பற்றிய பாடம் என்றால், ஆசிரியர் கணக்கை எழுதி முடித்த உடனே காணொளியை நிறுத்தி, காரணிப்படுத்தும் படியை நீங்களே போட்டுப் பார்த்து, அதன் பின்னரே தொடருங்கள். விடை தவறினாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் குறியை மாற்றிப் போட்டோம் என்பது அப்போதுதான் கண்ணில் படும். மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு பழக்கமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

மறுநாள் காணொளியைத் திறக்காமல், நினைவில் உள்ளதை மட்டும் எழுதிப் பாருங்கள். கற்றது தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே தம் ஆய்வில் காட்டியிருக்கிறார். ஆகவே முதல் திருப்புதலைத் தள்ளிப்போடக் கூடாது.

சூத்திரங்களையும் ஆண்டுகளையும் பாடநூலோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். ஐயம் எஞ்சினால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் “புரியவில்லை” என்று மட்டும் எழுதாமல், நீங்கள் போட்ட கணக்கைப் படமெடுத்து, தடுமாறிய வரியை வட்டமிட்டு அனுப்புங்கள்.