சாதா கெண்டை விஷயத்தில் எங்கெல்லாம் சறுக்குகிறோம்

அடித்தரையில் மேயும் மீன் என்றதும், சேற்றைத் தின்று குளத்தைச் சுத்தமாக்கிவிடும் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நடப்பது நேர் எதிர்.

சாதா கெண்டை மேய்வதைக் கவனியுங்கள். வாய் குழாய் போல முன்னே நீண்டு, சேற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அண்ணத்தில் சுவை மொட்டுகள் நிறைந்த தடித்த தசை இருக்கிறது. பிரித்தெடுக்கும் வேலை அங்கே நடக்கும். புழுவையும் விதையையும் அந்தத் தசை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மண் வாய் வழியாகவும் செவுள் வழியாகவும் வெளியேறிவிடும். தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால் தொண்டைக்குள் நத்தை ஓட்டையே நொறுக்கும் அரைவைப் பற்கள் உண்டு. இரைப்பையும் இல்லை என்பதால் ஒரேயடியாகத் தின்று ஓய்வதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறிக்கொண்டே இருக்கும்.

விளைவு? வண்டல் கிளம்பி நீர் கலங்கும். வண்டலில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் மேலே வந்து பாசி பெருகும். வெளிச்சம் எட்டாமல் நீர்ச்செடிகள் சாகும், தப்பியவற்றையும் மேயும்போதே மீன் பிடுங்கிப் போட்டுவிடும். களையை ஒழிக்க விடுவது புல் கெண்டையை. அது வேறு இனம், அதற்கு மீசை கிடையாது. சாதா கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை உண்டு. இதைப் பார்க்காமல் குஞ்சு வாங்கி விட்டால் அப்புறம் குளத்தைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் பாதுகாப்பு நிலையில் வருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் சாதா கெண்டை அழிவாய்ப்பு இனம், அதாவது அழிந்துபோகும் ஆபத்தில் இருக்கும் இனம். அதே சங்கத்தின் நிபுணர் குழு 2000இல் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலிலும் இதே பெயர்! ஏதோ ஒன்று தவறு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டும் சரிதான்.

சிவப்புப் பட்டியல் கவலைப்படுவது கருங்கடல், காஸ்பியன், ஏரல் கடல் வடிநிலங்களில் இயற்கையாகவே வாழும் காட்டுக் கெண்டையைப் பற்றி. பண்ணைக் கெண்டைக்கு முதுகு உயர்ந்திருக்கும், காட்டுக் கெண்டை நீண்டு ஒல்லியாக இருக்கும். அதன் முட்டைகள் வெள்ளத்தில் மூழ்கிய புல்லில் ஒட்டிக்கொண்டு பொரிக்க வேண்டியவை. ஐரோப்பாவின் டான்யூப் போன்ற ஆறுகளுக்குக் கரை கட்டி, அணை கட்டி வெள்ளத்தை நிறுத்தியபோது அந்தப் புல்வெளிகளும் போயின. ஊடுருவிப் பட்டியல் பேசுவதோ மனிதர் கொண்டுபோய் விட்ட மீனைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் படுகையில் 1970களின் வெள்ளத்தோடு பரவிய கெண்டை, இன்று பல இடங்களில் மொத்த மீன் எடையில் பெரும்பங்கைப் பிடித்திருக்கிறது. ஒரு பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும்போது இதில் வியப்பில்லை.

‘குறைகிறதா, சரி, பண்ணைக் குஞ்சுகளை ஆற்றில் விடுவோம்’ என்பது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். பண்ணை மீன் காட்டு மீனோடு கலந்து இனப்பெருக்கம் செய்யும். எண்ணிக்கை கூடியதுபோலத் தெரியும், காட்டு மரபு கரைந்துபோகும். காட்டுக் கெண்டைக்கு இருக்கும் முக்கிய அச்சுறுத்தல்களில் இந்தக் கலப்பும் ஒன்று. அங்கே முதலில் தேவைப்படுவது குஞ்சு அல்ல, வெள்ளம் ஏறி நிற்கும் கரையோரப் புல்வெளி.