உம்கேனி ஆற்றுப் பக்கம் சைக்கிள் எடுக்கிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று பலமாக அடிக்கும், அதனால் கடற்கரைப் பாதையில் வடக்கே புளூ லகூன் வரை காலையிலேயே போய்விடுங்கள். உம்கேனி கடலில் சேரும் அந்த இடத்தில்தான் பீச்வுட் அலையாத்திக் காடு, பாதுகாக்கப்பட்ட பகுதி, சேற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் மேல் சக்கரம் ஏற்றாதீர்கள்.

ஏற்றம் வேண்டுமா? ஹில்கிரெஸ்டிலிருந்து பழைய ஆர்103 சாலையில் போத்தாஸ் ஹில் தாண்டி டிரம்மண்ட் வரை, 1921-இல் தொடங்கிய காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தின் வழியும் இதுதான், ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு கூடவே வரும். மூடுபனி உண்டு, பின்விளக்கு கட்டாயம். தனியாகப் போகாதீர்கள். பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) எல்லாம் இறங்கி வந்த பிறகு!