பாதிச் சம்பளத்துக்கு மாறும் முன் செய்ய வேண்டியவை

சென்னை சோழிங்கநல்லூரில் ஐடி வேலையில் ஆண்டுக்கு 18 லட்சம் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் சின்ன நிறுவனத்தில் 9 லட்சத்துக்கு வேலை. மாலை ஆறரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். எப்படி மாறினாய் என்று பழைய நண்பர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரியைக் கணக்குப் போடுங்கள். சம்பளம் பாதியானால் கையில் வருவதும் பாதிதான் என்று பலரும் பயப்படுகிறார்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, 18 லட்சம் சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போக, வரி மேல் போடும் செஸ்ஸோடு சேர்த்து 1,50,800 ரூபாய் வரி. 9 லட்சத்துக்கு வரியே கிடையாது. ஆக, 9 லட்சம் குறைந்தாலும் உண்மையான இழப்பு ஆண்டுக்கு ஏழரை லட்சத்துக்குச் சற்றுக் கீழே, மாதத்துக்கு 62,000 சொச்சம். மேடவாக்கத்தில் 24,000 வாடகை கொடுத்தோம், பாளையங்கோட்டையில் 11,000. அங்கே 13,000 மிச்சம். மீதி ஐம்பதாயிரம் கொஞ்சப் பணம் இல்லை. செலவைக் குறைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

குறைப்பது முடியுமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வேலையை விடும் முன்பே அந்தச் சம்பளத்தில் வாழ்ந்து பார்ப்பது. சம்பளம் ஏறிய அன்றைக்கே 62,000 ரூபாயை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டோ யூபிஐயோ வேண்டாம். ஆறு மாதம் இப்படி ஓட்டினால் இரண்டு பலன். எந்தச் செலவை விட முடியாது என்று தெரிந்துவிடும், கையில் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் லட்சம் அவசரப் பணமும் சேர்ந்திருக்கும். மூன்றாம் மாதமே மூச்சு முட்டினால் இன்னும் ஓராண்டு பொறுங்கள்.

அடுத்தது கடன். கிரெடிட் கார்டு பாக்கியும் தனிநபர் கடனும் இருக்கும்வரை ராஜினாமா பற்றி யோசிக்கவே வேண்டாம். வீட்டுக் கடன் இருந்தால் மொத்தமாக ஒரு தொகையை முன்கூட்டிக் கட்டுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்னதாகக் கட்டுவதற்குத் தனிநபர்களிடம் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. ஆனால் அப்படிக் கட்டினால், பெரும்பாலும் தவணைத் தொகையை அப்படியே வைத்துவிட்டு ஆண்டுகளைத்தான் குறைப்பார்கள். நமக்கு வேண்டியது குறைந்த தவணை. கிளைக்கு நேரில் போய், காலத்தை மாற்றாமல் மாதத் தவணையைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீடு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். அலுவலகம் தரும் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதில் உங்கள் அப்பா அம்மாவும் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே முடியும். ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தனி பாலிசி எடுத்தால், அந்த நோய்களின் செலவைத் தராமல் மூன்று ஆண்டுவரை காப்பீட்டு நிறுவனம் காத்திருப்புக் காலம் வைக்கலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே தனி பாலிசியைத் தொடங்கிவிடுவது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. நாம் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் காப்பீட்டையும் பழைய சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுங்கள். எவ்வளவு தொகைக்குக் காப்பீடு தரலாம் என்பதை வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வேலையை விடும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பொதுவாக ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்கினால் வருவது தோராயமாக உங்கள் தொகை. அடிப்படைச் சம்பளம் 60,000, எட்டு ஆண்டு என்றால் 2,76,923 ரூபாய். நாலரை ஆண்டில் நிற்பவர் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வரலாம். பிஎஃப் பணத்தை எடுக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள்.

இனி வேலை தேடுவது. சம்பளம் குறைந்தால் நேரம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். குறைந்த சம்பளத்துக்கு ராத்திரி பத்து மணிவரை ஆளைப் பிடித்து வைக்கிற இடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. இங்கே எனக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால்கூட எனக்குக் கூலி குறைவுதான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு வேண்டியிருந்தது மாலை ஆறரையிலிருந்து ஒன்பது. மகள் விழித்திருக்கும் நேரம் அது. பழைய வேலையில் அமெரிக்க வாடிக்கையாளரின் போன் அழைப்பு வந்ததும் அதே நேரத்தில்தான். உங்களுக்கு எந்த நேரம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்பவருக்குக் காலை நேரம் தேவைப்படலாம், படிக்க நினைப்பவருக்கு ஒரு முழு நாள் தேவைப்படலாம். அந்த நேரத்தை விட்டுத்தராத வேலையாகத் தேடுங்கள்.

நேர்காணலில் எத்தனை மணி வேலை என்று கேட்டால் எல்லோரும் ஒன்பதரை முதல் ஆறு என்றுதான் சொல்வார்கள். நான் சேருவதற்கு முன், அந்த அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் மாலை ஐந்தே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறு ஐந்துக்கு இரண்டு பையன்கள் ஹெல்மெட்டோடு இறங்கினார்கள். ஆறு இருபதுக்கு ஒரு அம்மா ஷட்டரைப் பாதி இறக்கினார். ஆறரைக்கு மாடியில் விளக்கு இல்லை. டீ போடுகிறவரிடம், "அண்ணாச்சி, இங்க எப்பவும் இந்த நேரந்தானா?" என்று கேட்டேன். "மாசக் கடைசில மட்டும் எட்டு மணி ஆவும்" என்றார். மாதக் கடைசியில் கடைக்காரர்களின் கணக்கு முடிக்கும் வேலை இருக்கும் என்பதால் அது எனக்கு நியாயமாகப் பட்டது. இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள், அதுவும் மாதக் கடைசியில்.

"இவ்வளவு குறைச்சலா ஏன் வாறீங்க?" என்று முதலாளி கேட்பார். சந்தேகப்படுவது அவர் உரிமை. மாலை நேரம் வீட்டுக்கு வேண்டும், அதற்காகத்தான் வருகிறேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். வேலை நேரத்தை நியமனக் கடிதத்தில் எழுதித் தரவும் கேளுங்கள்.

வீட்டில் சொல்வதுதான் பெரிய வேலை. மனைவியோடு கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு பேசி முடித்த பிறகே மற்றவர்களிடம் சொன்னேன். அம்மா போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எய்யா, உள்ளதச் சொல்லு, வேலைய விட்டு எடுத்துட்டாவளா?" என்றாள். நம் ஊரில் நல்ல வேலையை ஒருவன் தானாக விடுவான் என்று யாரும் நம்புவதில்லை. கோபப்படாதீர்கள். அம்மாவுக்குத் தேவைப்பட்டது இரண்டே பதில்: சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குறை வராது, அக்கா வீட்டு விசேஷத்துக்குக் கை சுருங்காது.

அந்த இரண்டாவது பதிலுக்கு நிஜமான ஏற்பாடு வேண்டும். அக்கா மகளுக்குச் சடங்கு வைத்தால் தாய்மாமன் சீர் நான்தான் செய்ய வேண்டும். பிறகு கல்யாணம் வரும். நடுவே மைத்துனர் வீட்டில் காதுகுத்து, பங்காளி வீட்டில் புதுமனை புகுவிழா என்று மொய் போய்க்கொண்டே இருக்கும். மாதச் செலவுக் கணக்கில் இது வராது, வரும்போது மொத்தமாக வரும். அதனால் விசேஷத்துக்கென்று மாதம் 5,000 ரூபாய்க்குத் தனியாக ஆர்டி (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுகிறேன். அக்காவிடமும் அத்தானிடமும் உட்கார்ந்து, இவ்வளவுதான் என்னால் முடியும் என்று முன்பே தொகையைச் சொல்லிவிட்டேன். அக்கா, "நீ பிள்ளையோட இருந்தாப் போதும்டே" என்றாள். எல்லா வீட்டிலும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். தங்கை கல்யாணம் உங்கள் தலையில்தான் என்றால், அது முடியும்வரை இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கிடைத்த மாலையைப் போன் தின்றுவிடும். முதல் வாரத்திலேயே ஏதாவது ஒன்றை நேரத்தோடு கட்டிப்போடுங்கள். நாங்கள் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினரானோம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் தேதி வந்தால் மகளே என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். புது அலுவலகத்திலும், பழைய வேகத்தில் "இதை நானே முடிச்சுத் தரேன்" என்று வாய் வரும். அதை அடக்குங்கள். ஒருமுறை ஏழரைவரை இருந்துவிட்டால் அதுவே வழக்கமாகிவிடும்.

ராஜினாமா கொடுத்ததும் சம்பளத்தை ஏற்றித் தருவதாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கேயே பதில் சொல்லாமல் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். அறிவிப்புக் காலம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதம் இருக்கும். மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும் முன் சம்பளச் சீட்டுகள், வரி பிடித்ததற்கான படிவம் 16, பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் விவரம் எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். விடுவிப்புக் கடிதத்தில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். தேதி தப்பாக இருந்தால் பிஎஃப் மாற்றம் அங்கேதான் முட்டி நிற்கும்.