பழைய காருக்கு ஒரே சாவி: கதவுப் பூட்டை இக்னிஷன் சாவிக்கு மாற்றுவது எப்படி?

பல கை மாறி வந்த மாருதி 800, ஆம்னி வண்டிகளில் இக்னிஷனுக்கு ஒரு சாவி, கதவுக்கு ஒரு சாவி என்று கொத்தாகத் தொங்கும். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் கேட்கவே வேண்டாம். உப்புக் காற்றில் பூட்டு இறுகிப்போகும், கிடைத்த பழைய பூட்டை யாராவது மாட்டியிருப்பார்கள்.

இக்னிஷன் பூட்டைத் தொடாதீர்கள். ஸ்டியரிங் லாக்கும் அதிலேயே இருக்கிறது. பல வண்டிகளில் அதன் போல்ட் தலையை முறுக்கி ஒடித்துத்தான் பொருத்தியிருப்பார்கள், கழற்றுவது பெரும்பாடு. கதவைத்தான் இக்னிஷனுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

முதலில் இக்னிஷன் சாவியைக் கதவுப் பூட்டில் நுழையுங்கள். திரும்பாவிட்டால் பரவாயில்லை, முழுசாக உள்ளே போனால் போதும். போகவில்லையென்றால் சாவியின் வடிவமே வேறு. புது லாக் செட் வாங்கிவிடுங்கள். போனால், தேய்மானம் குறைந்த சாவியை வைத்து ஒரு புது நகல் வெட்டி, இக்னிஷனில் சரியாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இனி அதுதான் அளவு. தேய்ந்த சாவிக்குக் கதவைப் பொருத்தினால் பின்னால் தொல்லை.

அடுத்து கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டுக் கதவின் உள் பேனலைக் கழற்றுங்கள். கண்ணாடிக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணியை விட்டு இடவலமாக இழுத்தால் அங்குள்ள கம்பிக் கிளிப் தெறித்து வரும். பேனலுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள். பூட்டோடு இணைந்த கம்பியை விடுவித்து, பூட்டைப் பிடித்திருக்கும் கிளிப்பை உருவினால் பூட்டு கையோடு வந்துவிடும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் நேரத்தில் வெட்டவெளியில் உட்காராதீர்கள். ஃபேனை நிறுத்தி, வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். பூட்டின் பின்பக்கக் கிளிப்பை எடுத்து, கதவின் சொந்தச் சாவியை உள்ளே வைத்தபடியே நடு உருளையை வெளியே இழுங்கள். சாவி இல்லாமல் இழுத்தால் தகடுகள் இடையில் மாட்டிக்கொள்ளும், குட்டி ஸ்பிரிங்குகளும் பறந்துவிடும்.

உருளைக்குள் வரிசையாகப் பித்தளைத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. துளையின் உயரம் தகட்டுக்குத் தகடு மாறும். சரியான சாவி போனால் எல்லாத் தகடுகளும் உருளையின் மட்டத்துக்கு வந்து நிற்கும், அப்போதுதான் பூட்டு சுற்றும். இப்போது கதவுச் சாவியை மெல்ல எடுத்துவிட்டு, புது இக்னிஷன் சாவியை நுழையுங்கள். எது தலை நீட்டுகிறதோ அதுதான் பொருந்தாத தகடு. அதை எடுத்து அடுத்த தகட்டோடு இடம் மாற்றிப் பாருங்கள். காயலான் கடையில் அதே மாடல் பூட்டு கிடைத்தால் அதிலிருந்தும் எடுக்கலாம். எதுவும் ஒத்துவராவிட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டும் நைஸ் அரத்தால் மட்டம் வரை தேய்க்கலாம். ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பூட்டு பலவீனமாகும், வேறு சாவிகளுக்கும் திறந்துகொடுக்க ஆரம்பிக்கும். ஓரிரு தகடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் சாவிக்காரரிடம் கொடுப்பதே மேல்.

மாட்டும் முன் கிராஃபைட் பொடி கொஞ்சம் தூவுங்கள். எண்ணெய் வேண்டாம், கடற்கரை மணல் அதில் ஒட்டி அரைக்கும். கையில் வைத்தே நாலைந்து தடவை திருப்பிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பிளாஸ்டிக் தாளை ஓரம் விடாமல் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மழை நீர் பேனலை ஊறவைத்துவிடும். கதவைத் திறந்து வைத்தபடியே பூட்டிச் சோதியுங்கள். பழைய கதவுச் சாவியை இப்போதைக்குத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இடப்பக்கக் கதவின் உருளையை இழுக்கவும் அது தேவைப்படும்.