வகுப்பு விஷயம் பெத்தவங்களுக்குப் போய்ச் சேர நான் செஞ்சது

நான் மலேசியா பினாங்குல தமிழ்ப்பள்ளி டீச்சர், ரெண்டாம் ஆண்டு வகுப்புக்கு. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல "நாளைக்கு கலர் பென்சில் வேணும்"னு போட்டா அடுத்த நிமிஷமே ரோஜாப்பூ காலை வணக்கம், யாரோ விக்கிற முறுக்கு, வரிசையா "ஓகே டீச்சர்"னு வந்து விழுந்து விஷயம் மேல போய் மறைஞ்சிடும், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிப்ட் முடிச்சு நடுராத்திரி வர்ற அம்மா எங்க தேடுவாங்க?

செட்டிங்ஸ்ல அட்மின் மட்டும் மெசேஜ் போடலாம்னு மாத்திட்டேன், கேள்வின்னா எனக்குத் தனியா அனுப்பட்டும். சிலருக்குக் கோவம்தான், இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ், என்ன படிச்சோம், வீட்ல என்ன கேக்கலாம்னு. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன"ன்னா புள்ள "ஒன்னுமில்ல"ம்பான், "அம்பது காசு நாலு சேந்தா எத்தன ரிங்கிட்"னு கேட்டுப் பாருங்க, கடை வச்சு விளையாடுன கதை, யார் மீதிக் காசு தராம ஏமாத்துனான்னு எல்லாம் வரும்!

பெரிய தலைவலி டிபி (TP), அதாவது புள்ள எந்த அளவு தேறியிருக்குன்னு சொல்ற நிலை. 2019லயே 1 முதல் 3ஆம் ஆண்டு வரை பரீட்சைய எடுத்துட்டாங்க, இப்ப வகுப்பறை மதிப்பீடு, டிபி 1ல இருந்து 6 வரைக்கும். டிபி 3ன்னா பாதி மார்க்குன்னு பையன திட்டுன அப்பா உண்டு. அடிப்படைய புரிஞ்சு செய்றான்னுதான் அதுக்கு அர்த்தம்ங்க. அதனால வெறும் நம்பர் அனுப்புறதில்ல, புள்ளையோட நோட்டுப் பக்கத்த போட்டோ எடுத்து, அடுத்து எது வரணும்னு ஒரு வரி சேத்து, அந்தந்த வீட்டுக்கு மட்டும் அனுப்புறேன். "மார்க் எத்தன டீச்சர்"னு கேக்குறது குறைஞ்சிருக்கு, முறுக்கு ஆர்டர் இப்ப என் நம்பருக்கு வருது.