ஸ்பீக்கர் ஒயரை மாற்றும் முன்

வேலூர் காகிதப்பட்டறையில் என் கடைக்கு ஆம்ப்ளிஃபையர் கொண்டு வருகிறவர்கள் கேட்பது இதுதான்: "அண்ணே, காஸ்ட்லி ஒயர் போட்டா சத்தம் நல்லா வருமா?"

முதலில் இருக்கிற ஒயரைப் பாருங்கள். ஒரு இழையை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியம், மேலே செம்பு பூசியது. அதைத் தூக்கிப் போடுங்கள்.

5 மீட்டர் தூரத்துக்கு 1.5 எஸ்கியூ எம்எம் (சதுர மில்லிமீட்டர், ஒயரின் தடிமன் அளவு) செம்பு ஒயர் போதும். போக வர 10 மீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்கு ஒயர் தரும் தடை, சுமார் 0.12 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நூல் மாதிரி மெல்லிய ஒயர் நீளமாக ஓடினால்தான் வித்தியாசம் காதுக்கு எட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5 போடுங்கள். கழன்ற, கறுத்த முனைகளைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கரகரப்பு பெரும்பாலும் அங்கேதான்.

இன்னும் சந்தேகமா? வீட்டில் ஒருவரை காஸ்ட்லி ஒயரையும் சாதா ஒயரையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எந்த ஒயர் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. நன்றாகப் பழகிய பாட்டு, அதே வால்யூம். துளி சத்தம் கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். 10 முறையில் 5 சரி என்றால் அது வெறும் குருட்டு ஊகம்.

மாற்றும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபையரை ஆஃப் செய்துவிடுங்கள். ஒயரின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று ஒட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.